ஊவா தோட்டப் பாடசாலைகளில் நூலகமும் அதற்கான அரச நிதியும்

ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதம் நாடெங்கும் தேசிய வாசிப்பு மாதமாக அனுஷ்டிக்கப்பட்டு வருகின்றது. பாடசாலைகளில் பதாகைகள் கட்டப்படுகின்றன. கட்டுரைப் போட்டிகளும் பேச்சுப் போட்டிகளும் நடத்தப்பட்டுச் சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன. பதுளை மாவட்டத்தின் தோட்டப் பாடசாலைகளும் இதில் பின்நிற்பதில்லை. எனினும், வாசிப்பின் மகிமை குறித்து மேடையில் முழங்கிவிட்டு இறங்கும் தரம் 7 மாணவிக்கு, வீட்டுக்கு எடுத்துச்சென்று வாசிக்க ஒரு கதைப் புத்தகத்தை அப்பாடசாலையால் கொடுக்க முடிகின்றதா என்ற கேள்வி மாத்திரம் பெரும்பாலும் எழுப்பப்படாமலேயே நவம்பர் பிறந்துவிடுகின்றது.

அதே ஒக்டோபர் மாதத்தில்தான், 2014ஆம் ஆண்டு 29ஆம் திகதி காலை, ஹல்துமுல்லை பிரதேச செயலகப் பிரிவுக்குட்பட்ட கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. பலரது உடல்கள் மீட்கப்படவே இல்லை. சம்பவம் நிகழ்ந்தபோது நேரம் காலை ஏழரை மணியளவு. பிள்ளைகள் பலர் அதற்குள் பாடசாலைக்குப் புறப்பட்டிருந்ததனாலேயே உயிர் பிழைத்தனர் என்பதை அன்றைய செய்திகளை வாசித்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அப்பிரதேசத்தில் மண்சரிவு அபாயம் உண்டென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததும், வீடிழந்தோர் கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் உள்ள தமிழ்ப் பாடசாலைகளிலே முதலில் தஞ்சமடைந்ததும், மாற்று வீடுகள் 75 மகல்தெனியவில் கையளிக்கப்பட 2016 ஒக்டோபர் வரை இரண்டாண்டுகள் பிடித்ததும் அனைவரும் அறிந்தவையே.

அந்த அனர்த்தத்தை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்குப் பாடசாலை என்பது பாடம் கற்கும் இடம் மட்டுமன்று. அரசாங்கம் என்ற ஒன்று அப்பிள்ளையின் வாழ்க்கைக்குள் நேரடியாக வந்து நிற்கும் ஏறத்தாழ ஒரேயொரு இடமும் அதுவேயாகும். வீடு கம்பனியின் பொறுப்பிலுள்ள நிலத்தில் இருக்கின்றது. பாதை தோட்டத்தின் பாதை. பாடசாலை மாத்திரமே அரசாங்கத்தினுடையது. 2014இல் தரம் 1இல் இருந்த பிள்ளை 2024இல் தரம் 11ஐ எட்டியிருக்கும். அந்தப் பத்தாண்டுப் பாடசாலை வாழ்க்கையில் அரசாங்கம் அப்பிள்ளைக்கு ஆண்டுதோறும் பாடநூல்களை இலவசமாக வழங்கியது. 1980இல் தொடங்கிய அந்தத் திட்டம் எத்தனையோ இடர்களின் மத்தியிலும் தொடர்ந்து வந்திருக்கின்றது. ஆனால் பாடநூலுக்கு அப்பால் ஒரு நூலை அப்பிள்ளையின் கையில் வைப்பதற்கென ஆண்டுதோறும் தவறாது வரும் பணம் எதுவும் இருக்கவில்லை. அவ்வப்போது வரும் திட்டங்கள் இருந்தன, அன்பளிப்புகள் இருந்தன, தலைக்கணக்குப் பார்த்துப் பகிரப்பட்ட ஒரு பொது நிதியில் எஞ்சியதும் இருந்தது. நூலகத்துக்கென்று பெயர் குறித்து ஒதுக்கப்பட்டு, வேறெதற்கும் திருப்ப முடியாததாக ஆண்டுதோறும் வரும் நிதியே தேவை என்பது எமது கருத்து. அது ஏன் இல்லாமற் போனது என்பதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது.

1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டங்களில் 6 வயது முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியது. ஏனைய பகுதிகளில் கட்டாயக் கல்வி வயது இதனைவிட நீண்டதாக இருந்தது. தோட்டப் பிள்ளைக்குக் கொழுந்து பறிக்கத் தெரிந்தால் போதும், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தால் அதிகம் என்பதே அக்காலத் துரைமாரின் எண்ணமாக இருந்தது. பத்து வயதில் படிப்பை முடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு நூலகம் எதற்கு என்று எவரும் கேட்கவுமில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. 1970களில் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட பின்னரே, 1977 முதல் கட்டங்கட்டமாக அவை அரச பாடசாலைகளாயின. நாட்டின் ஏனைய பாடசாலைகள் மூன்று தசாப்தங்களாகத் தளபாடமும் நூல்களும் பழைய மாணவர் சங்கங்களும் சேர்த்துக்கொண்ட பிறகு, ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்புகளை நடத்திய தோட்டப் பாடசாலை அந்த வரிசையின் கடைசியில் வந்து சேர்ந்தது.

1980களில் தொடங்கிச் சுவீடன் நாட்டின் சீடா அமைப்பு பெருந்தோட்டப் பாடசாலைகளின் கட்டடங்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் வழங்கிய உதவி பெரியது. அவ்வுதவி இல்லாதிருந்தால் இன்றைய மலையகத்தின் ஆசிரியர் தலைமுறை ஒன்று உருவாகியிருக்குமா என்பது ஐயமே. ஆனால் அந்நியர் பணத்தில் எழுந்த கட்டடத்துக்குள் என்ன இருக்க வேண்டும் என்பது எமது அரசாங்கத்தின் கடமையல்லவா?

சட்டத்தில் குறை இருப்பதாகக் கூற முடியாது. 1970ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய நூலக சேவைகள் சபை அமைக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையாக மாற்றியது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் நிறைவேறியபோது, மாகாணங்களுக்குரிய கல்விப் பணிகளைக் குறிக்கும் பின்னிணைப்பில், தேசிய நூலக சேவைகள் சபையின் வழிகாட்டலுக்கமையப் பாடசாலை நூலகங்களை ஒழுங்கமைத்து விருத்தி செய்தல் என்ற பணி வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டது. அதிகாரப் பகிர்வு குறித்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எத்தனையோ விவாதங்கள் நடந்துள்ளன. காணி, பொலிஸ் அதிகாரங்கள் பற்றி எழுதிய மை கொஞ்சநஞ்சமன்று. எவரது எதிர்ப்புமின்றி மாகாணங்களின் கையிலேயே கிடக்கும் இந்தச் சிறிய அதிகாரத்தைப் பற்றி மேடைகளில் எவரும் பேசி நாம் கேட்டதில்லை.

அதிகாரம் மாகாணத்திடம் இருந்தாலும் பணம் கொழும்பிலிருந்தே வரவேண்டும். இதன் வழி சற்றுச் சிக்கலானது. நிதி ஆணைக்குழுவின் சிபாரிசின் பேரில் மத்திய அரசாங்கம் மாகாணங்களுக்கு நிதி வழங்குகின்றது. தொகுதிக் கொடை எனப்படும் பெரும்பகுதி சம்பளங்களிலேயே கரைந்துவிடும். மூலதனச் செலவுக்கென வரும் கொடையில் கட்டடம், வீதி, வைத்தியசாலை எனப் பல துறைகள் கைநீட்டி நிற்கின்றன. ஊவாவின் தோட்டப் பாடசாலைகள் மாகாணப் பாடசாலைகளாதலால் இந்த வரிசையிலேயே நிற்க வேண்டும்.

பாடசாலைக்கு நேரடியாக வந்து சேரும் பணம் தர உள்ளீட்டு நிதி எனப்படுவதாகும். 2000ஆம் ஆண்டு முதல் சூத்திர அடிப்படையில், முக்கியமாக மாணவர் தொகையைக் கொண்டு, இது பகிரப்பட்டு வருகின்றது. அதற்கு முன்பு யாருக்கு அரசியற் செல்வாக்கு உண்டோ அவரது பாடசாலைக்குப் பணம் போன நிலையோடு ஒப்பிட்டால், இம்முறை நியாயமானதென்பதை ஏற்றுக்கொள்ளவே வேண்டும். ஆனால் நூல் என்பது வெண்கட்டி போன்ற பொருளன்று. 1,500 பிள்ளைகள் படிக்கும் நகரப் பாடசாலைக்கு 1,500 பிள்ளைகளுக்கான வெண்கட்டி வேண்டும்; 60 பிள்ளைகள் படிக்கும் தோட்டப் பாடசாலைக்கு 60 பிள்ளைகளுக்கானது போதும். நூலகத்தின் கணக்கு இவ்வாறு அமைவதில்லை. அறுபது பிள்ளைகளாயினும் அவர்களுக்கும் ஓர் அகராதி வேண்டும், ஓர் உலகப்படம் வேண்டும், பறவைகளைப் பற்றிய நூல் வேண்டும், சிரிப்பதற்கும் பயப்படுவதற்கும் கதைகள் வேண்டும். பேச்சுக்கு, நூலுக்கென ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 100 ரூபா ஒதுக்கப்படுகின்றதென வைத்துக்கொள்வோம். நகரப் பாடசாலைக்கு ஒன்றரை இலட்சம் ரூபா கிடைக்கும். தோட்டப் பாடசாலைக்குக் கிடைப்பது 6,000 ரூபா. நூலொன்று 600 ரூபா என்றால் பத்து நூல்கள். சிறிய பாடசாலைக்குத் தலைக்குச் சற்றுக் கூட்டிக் கொடுத்தாலும் பத்து நூல்கள் பதினைந்தாகுமேயன்றி நூலகம் ஆகிவிடாது.

இந்தப் பத்து நூல்களாவது வருகின்றனவா? நிதியாண்டு டிசெம்பர் 31ஆம் திகதியுடன் முடிவடைகின்றது. பணம் தாமதித்து வந்தால், ஆண்டிறுதிப் பரீட்சைகளுக்கு மத்தியில் அதிபர் விலைமனுக்களைப் பெற்று, கொள்வனவுக் குழுவைக் கூட்டி, பொருளைப் பெற்று, பற்றுச்சீட்டை வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் பணம் திரும்பிப் போய்விடும். கொஸ்லந்தையிலிருந்தோ பூனாகலையிலிருந்தோ பண்டாரவளைக்கோ பதுளைக்கோ பஸ் ஏறிச் செல்லும் ஆசிரியர் ஒருவர், அங்குள்ள கடையில் தமிழ்ச் சிறுவர் நூல்களைத் தேடினால் என்ன கிடைக்கும்? தரம் 5 புலமைப்பரிசில் வழிகாட்டிகளும் சாதாரண தர மாதிரி வினாத்தாள் தொகுப்புகளும் அடுக்கடுக்காகக் கிடைக்கும். கதை நூல்கள் சில கிடைக்கலாம். அவையும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்தவை. அவசரத்தில் கிடைத்ததை வாங்கிவருவதன்றி அவருக்கு வேறு வழியில்லை. இவ்வாறு 'நூலகம்' என்ற தலைப்பில் செலவான பணம் பரீட்சைக்கே மீண்டும் போய்ச் சேர்கின்றது.

இத்தனையும் தாண்டி வந்த நூல் பிள்ளையின் கைக்குப் போவதற்கு முன் இன்னொரு தடையும் உண்டு. அது அலுமாரியின் பூட்டு. நாம் கண்ட தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் நூலகம் என்பது அதிபரின் மேசைக்குப் பின்னால் நிற்கும் ஓர் இரும்பு அலுமாரியே. அதற்காக அதிபர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. நூல்கள் பொருட்பதிவேட்டில் பதியப்படுகின்றன. ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் ஒவ்வொன்றும் இருந்தாக வேண்டும். தொலைந்ததற்குப் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். மழையில் நனைந்து, தம்பி கிழித்து, லயன் அறையின் அடுப்புப் புகையில் மஞ்சளாகித் திரும்பி வரும் நூலைக் கணக்கெடுக்க வருபவர் சேதமென்றே எழுதுவார். உண்மையில் பத்துப் பேர் வாசித்ததற்கான சான்று அதுவாகும். நூல் புதிதாகவே இருப்பது நல்ல நிருவாகம், கந்தலாவது நட்டம் என்ற கணக்கீட்டு முறை நீடிக்கும் வரை எவ்வளவு பணம் கொடுத்தாலும் அலுமாரி பூட்டியே இருக்கும். ஆகவே ஆண்டுக்கு இத்தனை வீதம் நூல்கள் தேய்வதும் தொலைவதும் இயல்பு என ஏற்றுக்கொண்டு, அதற்கான மாற்று நூல்களுக்கும் சேர்த்தே நிதி ஒதுக்கப்பட வேண்டும். வாடகை நூல்நிலையம் நடத்திய சிறு வியாபாரிகள் கூட அந்தக் கணக்கை அறிந்திருந்தனர்.

பாடசாலையில் இல்லாவிட்டால் பொது நூலகத்துக்குப் போகலாமே என்று நகரத்து வாசகர் கேட்கக்கூடும். கிராமங்களில் பொது நூலகங்களைப் பிரதேச சபைகள் நடத்துகின்றன. ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாக இருந்து வந்தது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள், அவர்களுள் சிலர் உறுப்பினர்களாகவும் தவிசாளர்களாகவும் வந்தார்கள். ஆயினும் தாம் வாழ்ந்த தோட்டத்தில் ஒரு வாசிகசாலையைச் சபைப் பணத்தில் கட்ட முடியவில்லை. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே இத்தடையை நீக்கியது. முப்பத்தோராண்டு நீடித்த ஒரு தடையின் விளைவு, சட்டம் திருத்தப்பட்ட மறுநாளே மறைந்துவிடாது. அந்த முப்பத்தோராண்டுகளில் அயற் கிராமத்து வாசிகசாலையில் பத்திரிகை புரட்டி வளர்ந்த பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் இடையில் உண்டான இடைவெளியைப் பரீட்சைப் பெறுபேறுகளில் தேடுவோர், அதன் வேர் இங்கேயும் இருப்பதைக் கவனிப்பதில்லை.

அரசாங்கம் நூலகங்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று கூற நாம் முற்படவில்லை. 1990களின் இறுதியில் உலக வங்கியின் கடனுதவியுடன் நடைமுறைக்கு வந்த இரண்டாவது பொதுக் கல்வித் திட்டம் பாடசாலை நூலகங்களுக்கு முக்கிய இடமளித்தது. 1999இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகம் தொடங்கப்பட்டு, ஆசிரிய நூலகர்களைப் பயிற்றும் பணி ஆரம்பமானது. நூலகத்தை அறையாகவும் அலுமாரியாகவும் மட்டும் பார்க்காமல் அதனை நடத்தும் மனிதரையும் சேர்த்துப் பார்த்த அரிய முயற்சி அதுவாகும். 2005 முதல் ரூம் டு ரீட் என்ற தொண்டு நிறுவனம் ஆரம்பப் பாடசாலைகளில் வாசிப்பு அறைகளை அமைத்ததோடு சிங்களத்திலும் தமிழிலும் சிறுவர் நூல்களை வெளியிட்டும் வந்துள்ளது. ஆசியா மன்றத்தின் நூற்கொடைத் திட்டத்தின் மூலம் ஆங்கில நூல்கள் பெட்டி பெட்டியாக வந்துள்ளன. கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டியதே. ஆனால் திட்டத்துக்கு முடிவுத் திகதி உண்டு, பிள்ளைகளின் வருகைக்கு முடிவுத் திகதி இல்லை. திட்டம் முடிந்த ஆண்டிலும் தரம் 1க்குப் புதிய பிள்ளைகள் வரவே செய்கின்றார்கள். அத்துடன் அன்பளிப்பு நூல் கொடுப்பவரின் தெரிவேயன்றி வாசிப்பவரின் தெரிவன்று. தமிழ்மொழி மூலம் எழுத்துக்கூட்டிக் கொண்டிருக்கும் பிள்ளைக்கு அமெரிக்கக் கல்லூரிப் பாடநூல் எதற்கு உதவும்?

இவ்விடத்தில் அமெரிக்காவின் அனுபவமே எமக்குப் பாடமாக அமைவது ஒரு விந்தைதான். அங்கும் ஒரு காலத்தில் ஏராளமான ஆரம்பப் பாடசாலைகள் நூலகமின்றி இருந்தன. 1965 ஏப்ரலில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் ஆரம்ப, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் ஒப்பமிட்டார். இளமையில் டெக்சஸ் மாநிலத்தின் கொட்டுல்லா என்ற சிற்றூரில் மெக்சிக்கத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் அவர். அச்சட்டத்தின் இரண்டாம் அத்தியாயம் பாடசாலை நூலக வளங்களுக்கும் பாடநூல்களுக்குமென 10 கோடி டொலரைப் பெயர் குறித்து ஒதுக்கியது. அதன்பின் நூலகமில்லாப் பாடசாலைகள் வேகமாகக் குறைந்தன. 1974இல் இந்நிதி வேறு நோக்கங்களுக்கான நிதியுடன் இணைக்கப்பட்டது. 1981இல் மேலும் பல திட்டங்களுடன் ஒன்றாக்கப்பட்டு, எதற்குச் செலவிடுவதென்பது பிரதேச நிருவாகங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அதன்பின் நூலகங்களுக்கான பங்கு சுருங்கியது. அவ்விடத்தைக் கணினி போன்ற புதிய தேவைகள் பிடித்துக்கொண்டன. நூலகம் வேண்டாமென்று யாரும் தீர்மானிக்கவில்லை. பெயர் குறித்த ஒதுக்கீடு பெயரற்றதாயிற்று, அவ்வளவே. எமது தர உள்ளீட்டு நிதியில் நூலகத்துக்கு நேர்வதும் இதுவே.

தமிழகமோ வேறு வழியில் சென்றது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் முயற்சியின் விளைவாக வந்தது. சொத்து வரியுடன் சேர்த்து நூலக வரியென ஒன்று அறவிடப்பட்டு அது நூலகங்களுக்கே செல்ல வேண்டுமென விதிக்கப்பட்டது. உள்ளூராட்சி மன்றங்கள் அறவிட்ட வரியை உரிய காலத்தில் செலுத்துவதில்லை என்ற முறைப்பாடு அங்கு எப்போதும் உண்டு. இருந்தாலும் கேட்டுப் பெறுவதற்கு ஒரு கணக்குத் தலைப்பு இருக்கின்றதல்லவா? அதற்கும் முன்னர், 1931இல், மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுசென்ற முயற்சியையும் இரங்கநாதன் தொடக்கிவைத்தார். மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் ஊவாவின் சிறு பாடசாலைகளுக்கு இதிலும் ஒரு யோசனை இருக்கின்றது. ஒவ்வொரு தரம் 1 தொடக்கம் 5 வரையான பாடசாலையிலும் பெரிய நூலகமொன்றை அமைக்க இயலாதெனில், அருகிலுள்ள மகா வித்தியாலயத்தை மையமாக வைத்து, தவணைக்கொரு நூற்பெட்டியைச் சுற்றுக்கு விடலாம். வண்டிக் கூலியும் பெட்டியும் அப்படியொன்றும் பெருஞ் செலவல்ல.

எவ்வளவு பணம் வேண்டும்? சர்வதேச நூலகச் சங்கங்களின் சம்மேளனமும் யுனெஸ்கோவும் இணைந்து 2002இல் வெளியிட்ட பாடசாலை நூலக வழிகாட்டி, ஒரு மாணவருக்குப் பத்து நூல்கள் என்றும், எவ்வளவு சிறிய பாடசாலையாயினும் குறைந்தது 2,500 நூல்கள் இருக்க வேண்டுமென்றும் கூறியது. இதில் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது விதியையே. தலைக்கணக்குக்குக் கீழே ஒரு தளம் போடப்பட்டிருக்கின்றது. 180 பிள்ளைகள் படிக்கும் ஒரு தோட்டப் பாடசாலையை எடுத்துக்கொள்வோம். 2,500 நூல்களுக்கு, நூலொன்று 600 ரூபா வீதம், 15 இலட்சம் ரூபா தேவை. இதனை ஒரே ஆண்டில் கேட்க வேண்டியதில்லை. கேட்டால் பழையபடி அவசரக் கொள்வனவே நடக்கும். ஆண்டுக்கு 250 நூல்களெனப் பத்தாண்டுகளுக்குப் பரப்பினால் ஆண்டுச் செலவு ஒன்றரை இலட்சம் ரூபா. ஒரு பிள்ளைக்கு மாதமொன்றுக்கு 70 ரூபாவுக்கும் குறைவு. இப்பிள்ளைகளின் தாய்மார் பறிக்கும் கொழுந்தில், நகரத்துக் கடையில் ஒரு பால் தேநீர் குடிப்பதற்கே இதைவிட அதிகம் கொடுக்க வேண்டியுள்ளது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை நாம் மறந்துவிடவில்லை. கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட காலம் அது. அரசாங்கத்தின் கையில் பணமில்லை என்பது வெற்றுச் சாட்டன்று. ஆனால் நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது பெயரில்லாத செலவே. பாடநூல் அச்சிடல் நெருக்கடியிலும் நிறுத்தப்படவில்லை. அதற்கு ஒரு தலைப்பும், அதனை எதிர்பார்த்திருக்கும் பெற்றோரும் இருந்தனர் என்பதே காரணம்.

பணம் கிடைத்தாலும் வாங்குவதற்குத் தமிழ் நூல்கள் வேண்டும். இங்கேதான் ஊவாவின் தமிழ்ப் பாடசாலைகளும் முஸ்லிம் பாடசாலைகளும் ஒரே படகில் இருக்கின்றன. பதுளை நகரிலும் வெலிமடை, குருத்தலாவைப் பக்கத்திலும் உள்ள முஸ்லிம் பாடசாலைகளின் பிள்ளைகளும் தமிழிலேயே கற்கின்றனர். அவர்களும் அதே கடைகளில் அதே வழிகாட்டி நூல்களையே வாங்கிக்கொள்கின்றனர். மாகாணத்தின் தமிழ்மொழி மூலப் பாடசாலைகள் அனைத்துக்கும் ஒரே பட்டியல் தயாரித்து ஒன்றாகக் கொள்வனவு செய்தால், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள பதிப்பாளருக்கு அது ஓர் உறுதியான சந்தை. இன்று எமது எழுத்தாளர் ஒருவர் தம் கைப்பணத்தைப் போட்டு முன்னூறு பிரதிகள் அச்சிட்டு, அவற்றை வீட்டில் அடுக்கிவைத்திருக்கும் நிலை சற்றேனும் மாறும். பட்டியல் தயாரிக்கும் குழுவில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆசிரியர்கள், இரு சமூகத்தவரும், இடம்பெற வேண்டுமென்பதைச் சொல்லவும் வேண்டுமா? பெரும்பான்மை மொழியில் தயாரித்த பட்டியலைப் பெயர்த்து அனுப்புவதால் பயனில்லை.

அப்பட்டியலில் என்ன இருக்க வேண்டும் என்பதிலும் எமக்கு ஓர் ஆசை உண்டு. தெளிவத்தை ஜோசப் பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். தாம் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரின் முன்னால் சேர்த்துக்கொண்டவர். 2022இல் அவர் மறைந்தபோது தமிழகத்தின் இதழ்களும் அவருக்கு அஞ்சலி எழுதின. அவரது கதைகள் நடக்கும் மலைகளிலேயே படிக்கும் பிள்ளைக்கு அவரது நூலொன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டாமா? என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கொழுந்துக் கூடை சுமக்கும் தாயின் மகளுக்கு உரிய நூலல்லவா? 1885இல் 'அசன்பேயுடைய கதை'யை எழுதி ஈழத்துத் தமிழ் நாவலுக்கு வழிதிறந்த சித்திலெவ்வை கண்டியைச் சேர்ந்தவர். மலைநாட்டவர் என்பதைக் குருத்தலாவைப் பிள்ளை அறிவது எப்போது? இவற்றுட் பலவற்றை 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகத்தில் இலவசமாக வாசிக்கலாம் என்பது உண்மையே. இணைய அலை எட்டாத லயன்களில், தந்தையின் ஒரேயொரு கைத்தொலைபேசியில், நாவலொன்றை வாசித்து முடிக்கச் சொல்வது சுலபம். கொரோனாக் காலத்து இணையவழி வகுப்புகளின்போது சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறிய பிள்ளைகளின் படங்கள் பத்திரிகைகளில் வெளிவந்ததை வாசகர்கள் நினைவிற் கொள்ளலாம்.

2014 செப்டெம்பரில், மீரியபெத்த சரிவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர் தெரிவான ஊவா மாகாண சபையின் பதவிக் காலம் 2019இல் முடிவடைந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் மாகாண நிருவாகம் ஆளுநரின் கீழேயே நடைபெற்று வந்துள்ளது. கேள்வி கேட்க உறுப்பினர் இல்லாத காலத்தில் வரவு செலவு மதிப்பீட்டில் புதிய தலைப்பொன்றைச் சேர்க்கச் செய்வது கடினம் என்று சிலர் கூறுவர். மறுபக்கமும் உண்டு. பாடசாலை நூலகத் தலைப்பொன்றை மாகாணக் கல்வித் திணைக்களத்தின் மதிப்பீட்டில் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 13ஆவது திருத்தத்தின் அந்தப் பின்னிணைப்பே போதுமானது. அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகள் ஆண்டின் நடுப்பகுதியிலேயே தயாராகத் தொடங்குகின்றன. வாசிப்பு மாதமான ஒக்டோபரில் கொடுக்கப்படும் மகஜர் ஏற்கனவே மூடப்பட்ட கோப்பைத்தான் சென்றடையும். ஆகவே பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் ஏப்ரல், மே மாதங்களிலேயே தமது தேவையை நூல்களின் எண்ணிக்கையாகவும் ரூபாவாகவும் எழுதி வலயக் கல்விப் பணிப்பாளரிடம் கையளிக்க வேண்டும். அதற்கு முன், கடந்த ஆண்டு தமது பாடசாலைக்கு வந்த தர உள்ளீட்டு நிதியில் நூல்களுக்கு எவ்வளவு செலவானது, எந்தெந்த நூல்கள் வாங்கப்பட்டன, அவற்றை எத்தனை பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர் என்ற மூன்று விபரங்களையும் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் கேட்கலாம். பற்றுச்சீட்டும் இரவல் பதிவேடும் பாடசாலையிலேயே இருக்கும். இரவல் பதிவேடே இல்லையென்றால், முதலில் வாங்க வேண்டியது அந்தக் கொப்பிதான்.